அகலப் பலகைக்கு எவ்வளவு நீளப் பார்? சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

செயின்சாவைக் கொண்டு அகலமான பலகை அறுக்கத் தொடங்குகிறவர்கள் முதலில் கேட்பது, எத்தனை அங்குலப் பார் வாங்கலாம் என்பதைத்தான். பார் என்பது எஞ்சினிலிருந்து நீண்டு, செயின் சுற்றி ஓடுவதற்கு இடம் தரும் தகடு. 25 அங்குலத்தில் தொடங்கி, 36 அங்குலத்துக்கு மாறி, பின்னர் 41 அங்குலப் பாரையும் சேர்த்துக்கொண்டு சில ஆண்டுகளாக நான் இந்த வேலையைச் செய்து வருகிறேன். இதில் எனக்கு உறுதிப்பட்டது ஒன்றுதான். பாரின் நீளத்தை மட்டும் தனியாகத் தேர்ந்தெடுக்க முடியாது. பார் நீண்டால் எஞ்சின், செயின், எண்ணெய், பல் தீட்டும் முறை ஆகிய நான்கும் அதற்கேற்ப மாறியாக வேண்டும். அவற்றை மாற்ற இயலாதவர் நீளப் பாருக்குப் பணம் போட வேண்டியதில்லை.

நான் இருப்பது புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்குப் பகுதி. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயல், தென்னைகளோடு முதிர்ந்த மா, பலா, புளி, தூங்குமூஞ்சி மரங்களையும் இந்தப் பக்கம் ஏராளமாகச் சாய்த்தது. சாமில்லின் வாய்க்குள் நுழையாத பருமன் என்பதாலேயே அவற்றில் நல்ல மரங்கள் பல விறகாகப் போயின. மூன்றடிக் குறுக்களவும் எட்டடி நீளமும் உள்ள பச்சைக் கட்டை ஒரு டன்னுக்கு மேல் எடை வரும். கிரேனும் லாரியும் வைத்து அதை மில்லுக்குக் கொண்டுபோனாலும், அங்கே அதை இரண்டாகப் பிளந்த பிறகுதான் வண்டியில் ஏற்றுவார்கள். ஒரே பலகையில் சாப்பாட்டு மேசை வேண்டும் என்று கேட்பவருக்கு அந்தப் பிளந்த மரம் பயன்படாது. மரம் கிடக்கும் தோப்பிலேயே அறுப்பதற்கு அலாஸ்கன் மில் என்னும் சட்டத்தை செயின்சாவின் பாரில் மாட்டுவது அங்கிருந்துதான் தொடங்கியது.

பாரின் மேல் எழுதியிருக்கும் அளவு அறுக்கும் அகலம் ஆகாது. சட்டத்தின் கவ்விகள் பாரின் இரு முனைகளிலும் இடம் பிடித்துக்கொள்ளும். எஞ்சினுக்கு எதிர்முனையான மூக்கு முனையில் சுழலும் பற்சக்கரத்தின் மேல் கவ்வியை இறுக்கக் கூடாது என்பதால், அதற்குப் பின்னால் தள்ளித்தான் பிடிக்க வேண்டும். எஞ்சின் பக்கம் இருக்கும் முள் தகட்டைக் கழற்றிவிட்டால் 36 அங்குலப் பாரில் 31 முதல் 32 அங்குலம் வரை அறுக்கலாம். கழற்றாவிட்டால் அதிலும் ஓர் அங்குலம் போகும். எந்தப் பாருக்கும் நான்கிலிருந்து ஆறு அங்குலம் வரை கழித்துக்கொண்டு கணக்கிடுவதே சரி.

கட்டையின் அகலத்தை அளப்பதிலும் கவனம் வேண்டும். மரவாடியில் சுற்றளவை வைத்தே பேசுவார்கள். ஒன்பதரை அடிச் சுற்றளவு என்றால் குறுக்களவு ஏறத்தாழ 36 அங்குலம். 32 அங்குலம் அறுக்கும் வசதியோடு இந்தக் கட்டையை அணுகினால் என்ன ஆகும் என்பதைத் தாளில் ஒரு வட்டம் போட்டுப் பார்க்கலாம். நடுவிலிருந்து மேலே எட்டே கால் அங்குலம், கீழே எட்டே கால் அங்குலம் என்று பதினாறரை அங்குல உயரத்துக்குள் வரும் பலகைகள் எல்லாம் 32 அங்குலத்துக்கு மேல் அகலமானவை. அதாவது, நான்கு அங்குலக் குறைவுதானே என்று நினைத்த இடத்தில் கட்டையின் உயரத்தில் பாதியளவு சட்டத்துக்குள் நுழைவதில்லை. வைரம் பாய்ந்த நல்ல பலகைகள் கிடப்பதும் அந்தப் பாதியில்தான். அதே சட்டத்தில் 33 அங்குலக் கட்டையை வைத்தால் சிக்குவது நடுவில் எட்டு அங்குலம் மட்டுமே. ஆகையால் அடிமரத்தின் வேர்ப்புடைப்பிலும் கவை பிரியும் இடத்திலும் நேர்க்கோலை வைத்து உண்மையான அகலத்தை அளந்த பிறகே பாரை முடிவு செய்ய வேண்டும். கவையில்தான் ரேகை அழகாக ஓடும். அந்த இடம் தண்டைவிட அகலமாகவும் இருக்கும். தண்டை மட்டும் அளந்து பார் வாங்கினால், விலை மிகுந்த பலகையை அறுக்க முடியாமல் போகும்.

எஞ்சினைப் பற்றி. என்னிடம் உள்ளது ஸ்டில் எம்.எஸ். 661, 91.1 சி.சி., 5.4 கிலோவாட். 36 அங்குலப் பார்தான் இதற்குத் தயாரிப்பாளர் சொல்லும் உச்சம். என் பட்டறிவும் அதுவே. மாவிலும் தூங்குமூஞ்சியிலும் 30 அங்குல அகலத்தை இது சிரமமில்லாமல் அறுக்கிறது. புளியின் வைரத்தில் அதே அகலம் வந்தால் வேகம் பாதியாகக் குறைகிறது; அழுத்தித் தள்ளினால் எஞ்சினின் சுற்று வேகம் விழுகிறது. குறுக்கே வெட்டும்போது எஞ்சினுக்கு இடையிடையே ஓய்வு கிடைக்கும். நீளவாக்கில் பலகை அறுக்கும்போது முழு விசையில் பத்து நிமிடம், கால் மணி நேரம் தொடர்ந்து ஓடும். அந்த வெப்பத்தைத் தாங்காது என்பதாலேயே சிறிய எஞ்சினில் நீளப் பாரை மாட்டக் கூடாது என்கிறேன். ஒவ்வோர் அறுப்பும் முடிந்தவுடன் எஞ்சினை அணைக்காமல் ஒரு நிமிடமாவது மெதுவாக ஓடவிட்டு ஆறவைப்பது அவசியம். கார்புரேட்டரைக் கையால் திருகிச் சரிசெய்யும் மெஷின் வைத்திருப்பவர்கள், வெட்டுவதற்கு வைக்கும் அளவைவிடப் பெட்ரோலைச் சற்றுக் கூட்டி வைக்க வேண்டும்.

செயினில் எத்தனை பல் ஒரே நேரத்தில் மரத்தைக் கடிக்கிறது என்பதைப் பார்த்தால் இந்தச் சுமை ஏன் ஏறுகிறது என்பது விளங்கும். 3/8 அங்குல பிட்ச் (செயின் கண்ணிகளின் இடைவெளியைக் குறிக்கும் அளவு) கொண்ட வழக்கமான செயினில் ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு வெட்டும் பல் வருகிறது. 20 அங்குல அகலத்தில் பதின்மூன்று பற்கள் மரத்துக்குள் இருக்கும். 30 அங்குலத்தில் இருபது. பல் கூடும்போது ஒவ்வொரு பல்லுக்கும் கிடைக்கும் விசை குறைகிறது. தூள் நிரம்பிய இடைவெளியோடு பல் நெடுந்தூரம் மரத்துக்குள்ளேயே ஓட வேண்டியும் இருக்கிறது. பற்களைத் தள்ளித் தள்ளி அமைத்த ஸ்கிப் செயினில் இரண்டேகால் அங்குலத்துக்கு ஒரு பல். அதைப் போட்டால் 30 அங்குல அகலத்திலும் பதின்மூன்று பற்கள்தான் கடிக்கும். எஞ்சினுக்கு அது 20 அங்குல வேலை போலத் தெரியும். 36 அங்குலத்துக்கு மாறியபோது எனக்குக் கிடைத்த பெரிய முன்னேற்றம் இந்தச் செயினால் வந்தது. 36 அங்குலப் பாருக்கு 114 டிரைவ் லிங்க் (பாரின் பள்ளத்துக்குள் ஓடும் கண்ணி) உள்ள செயின் வேண்டும். வழக்கமான செயினாக இருந்தால் தீட்ட வேண்டிய பற்கள் 57, ஸ்கிப்பில் 38. நிழலே இல்லாத தோப்பில் உட்கார்ந்து அரம் போடுகிறவருக்கு அந்த வேறுபாடு நன்றாகவே தெரியும். பலகையின் முகம் ஸ்கிப்பில் சற்றுச் சொரசொரப்பாக வரும். எப்படியும் இழைக்கப் போகிற பலகை என்பதால் நான் அதைப் பொருட்படுத்துவதில்லை.

பல்லின் மேல்தட்டுக் கோணம் குறுக்கு வெட்டுக்கு 30 டிகிரி இருக்கும். நீளவாக்கில் அறுப்பதற்கென்று வரும் ரிப்பிங் செயினில் 10 டிகிரி. இந்தச் செயினில் அறுப்பு மெதுவாகப் போனாலும் முகம் சமமாக வரும். பாரும் பக்கவாட்டில் இழுபடாது. அகலம் கூடக் கூட இந்தச் சமநிலைதான் முக்கியமாகிறது. இடப்பக்கப் பற்கள் வலப்பக்கப் பற்களைவிடச் சிறிதளவு நீண்டுவிட்டாலும், 15 அங்குல அகலத்தில் கண்ணுக்குத் தெரியாத அந்தப் பிழை 30 அங்குலத்தில் பாரை மேலேயோ கீழேயோ இழுத்துப் போகும். சட்டம் இரு முனைகளிலும் பிடித்திருப்பதால் பார் நடுவில் வில்லாக வளையும். ஓரங்களில் இரண்டரை அங்குலமாக இருக்கும் பலகை நடுவில் இரண்டே கால் அங்குலமாக இளைத்துப் போகும். எனவே ஒரு பக்கத்தில் மிகக் குட்டையான பல்லைத் தேடி, மற்ற எல்லாப் பற்களையும் அதன் நீளத்துக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் அகலக் கட்டையில் கை வைக்கிறேன். 3/8 செயினுக்கு 5.2 மில்லிமீட்டர் உருட்டு அரம். பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதைக் கட்டுப்படுத்தும், பல்லுக்கு முன்னால் உள்ள மேட்டின் ஆழ அளவு 0.65 மில்லிமீட்டர், விரைவாக அறுக்கட்டும் என்று அந்த மேட்டை மேலும் தாழ்த்தினால் அகலக் கட்டையில் செயின் கடித்து நின்றுவிடும்.

தூளைக் கவனித்தாலே பல்லின் நிலை தெரிந்துவிடும். நல்ல பல்லிலிருந்து வரும் தூளில் கையால் அள்ளினால் உதிரும் பருமன் இருக்கும். அது மாவாக விரலில் ஒட்டத் தொடங்கினால் பல் மழுங்கிவிட்டது என்று பொருள். அதற்கு அடுத்த நிலை புகை. அந்த நிலை வரும்வரை தள்ளிக்கொண்டே போனவர்களின் பாரைப் பார்த்திருக்கிறேன்; மூக்கை ஒட்டிய பகுதியில் தண்டவாளம், அதாவது செயின் பள்ளத்தின் இருபுற விளிம்பு, நீலம் பாய்ந்திருக்கும். அப்படிச் சூடேறிய இரும்பு மென்மையாகிவிடும். பிறகு அந்த இடம் மட்டும் வேகமாகத் தேயும்.

எண்ணெயில்தான் நீளப் பார் அதிகம் ஏமாற்றும். மெஷினின் பம்ப் எண்ணெயை எஞ்சின் பக்கத்தில் விடுகிறது. 36 அங்குலப் பாரில் அது செயினோடு மூக்கைச் சுற்றி அடிப்பக்கம் வருவதற்குள் பெரும்பகுதி தூளோடு போய்விடுகிறது. பம்பை உச்ச அளவில் வைத்தாலும் போதாது. அதனால் மூக்கு முனைக் கவ்விக்கு மேலே சிறு குழாய் வைத்த ஒரு தனிப் புட்டியைப் பொருத்தி, சொட்டுச் சொட்டாகச் செயினில் விழச் செய்திருக்கிறேன். 30 அங்குலத்துக்கு மேல் பார் வைத்திருப்பவர் எவரும் இதை விட்டுவிட வேண்டாம். வண்டியிலிருந்து வடித்த பழைய எஞ்சின் ஆயிலை ஊற்றும் வழக்கம் நம் பக்கம் உண்டு. அதில் உலோகப் பொடி இருக்கும். கையிலும் மூச்சிலும் படக் கூடாத பொருள் அது.

பாரின் தண்டவாளங்களைப் பார்ப்பதற்கு ஒரு தட்டையான கண்ணாடியும் கட்டைவிரலும் போதும். பாரைக் கண்ணாடியின் மேல் விளிம்பாக நிறுத்தினால் செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்தால் இரு தண்டவாளங்களும் ஒரே உயரத்தில் இல்லை. விளிம்பின் வெளிப்புறத்தில் கட்டைவிரலை ஓட்டினால் நெருடும் பிசிர், தட்டை அரத்தால் எடுக்க வேண்டியது. அறுத்து முடித்த ஒவ்வொரு கட்டைக்குப் பின்னும் பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டுகிறேன். இணையத்தில் மலிவாகக் கிடைத்த, பெயர் தெரியாத 36 அங்குலப் பார் ஒன்றையும் பயன்படுத்தியிருக்கிறேன். இரண்டாவது கட்டையிலேயே பிசிர் கத்தி போலத் தூக்கிக்கொண்டு நின்றது, செயின் பள்ளமும் அகன்றுவிட்டது. இரண்டு தகடுகளை ஒட்டி உள்ளே குடைந்த எடை குறைந்த பார் தோளுக்கு நல்லது; சட்டத்தில் பாரின் எடையைக் கட்டையே தாங்குவதால், விறைப்பான முழுத்தகட்டுப் பாரே இந்த வேலைக்கு ஏற்றது. ஜப்பானின் சுமூரா, சுகிஹாரா, கனடாவின் கேனன் ஆகிய பார்களுக்கு இவ்வேலையில் நல்ல பெயர் உண்டு. மெஷினின் பிடிப்புத் துளை, பிட்ச், செயின் பள்ளத்தின் அகலம் ஆகிய மூன்றும் பொருந்துகின்றனவா என்பதைப் பார்க்காமல் எதையும் வரவழைக்க வேண்டாம்.

41 அங்குலப் பாரை நான் எம்.எஸ். 661-இல் மாட்டுவதில்லை. அது மரம் வெட்டும் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் நாள் வாடகைக்கு எடுக்கும் எம்.எஸ். 880 மெஷினுக்காக வாங்கியது, 121.6 சி.சி., 6.4 கிலோவாட். இரண்டுக்கும் பிடிப்பு வேறு, பார் மாறி உட்காராது. செயினும் 0.404 அங்குல பிட்ச். இந்தச் செயின் உறுதியானது, ஆனால் வெட்டு அகலமானது. 3/8 செயினே ஓர் அறுப்புக்கு ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் மரத்தைத் தூளாக்குகிறது. பத்து அறுப்பில் மூன்றரை அங்குலம். 0.404 அதற்கும் மேல் தின்னும். இந்த நீளத்தில் பார் தன் எடையாலேயே நடுவில் சற்றுத் தொய்வதால், பலகையின் முகத்தில் மெல்லிய குழிவு விழுகிறது. அதைக் கணக்கில் வைத்து, இரண்டு அங்குலம் கேட்டவருக்கு இரண்டே முக்கால் அங்குலத்தில் அறுக்கிறேன். காயும்போது அகலப் பலகை நெளிவதற்கும் அந்த மிகுதி தேவைப்படுகிறது. அறுத்த வாயில் இரண்டடிக்கு ஒன்றாக ஆப்பு வைத்துக்கொண்டே போனால் மேல்பலகை அழுந்திப் பாரைப் பிடிக்காது. கட்டையின் தலைப்பை முட்டுக்கொடுத்துச் சற்று உயர்த்தி, இறக்கமாக அறுத்துப் போவது முதுகுக்குப் பெரிய உதவி.

சாலையோர மரம் என்றால் விளம்பரப் பலகை அடித்த ஆணி உள்ளே இருக்கும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். பட்டை மூடிய பழைய ஆணியைச் சுற்றி மரம் கறுத்திருக்கும். கையடக்க உலோகம் காட்டும் கருவி விலை குறைவானதுதான். 38 பற்களும் ஒரே நொடியில் போவதைவிட அது மேல். ஒலி 100 டெசிபலைத் தாண்டும், முகம் புகைக்குழாய்க்கு அருகிலேயே இருக்கும். காதுக் கவசமும் தூசு முகமூடியும் இல்லாமல் யாரையும் நான் சட்டத்தின் அருகே விடுவதில்லை. மாமரம் அறுக்கும் நாளில் முழுக்கை சட்டை கட்டாயம். அதன் பால் சிலருக்குத் தோலைப் புண்ணாக்கிவிடும்.

இன்று ஒருவர் என்னிடம் கேட்டால் 36 அங்குலத்தையே சொல்வேன், 90 சி.சி. மெஷின் கையில் இருந்தால். 60, 70 சி.சி. வைத்திருப்பவருக்கு 25 அல்லது 28 அங்குலம் போதும். 20 அங்குலப் பலகைகளை அது ஒழுங்காகத் தரும், இரண்டை ஒட்டினால் மேசையும் வரும். மூன்றடிக்கு மேலான கட்டை ஆண்டுக்கு ஒன்றிரண்டுதான் வருமென்றால், அதற்காகப் பெரிய மெஷின் வாங்குவதைவிட வாடகைக்கு எடுப்பதே என் வழி. பார் வாங்கும்போதே மூன்று செயின்களைச் சேர்த்து வாங்குங்கள். ஒன்றைத் தோப்பிலேயே மாற்றிக்கொள்ளலாம், மழுங்கியவற்றை வீட்டில் பட்டறைக் கவ்வியில் வைத்து நிதானமாகத் தீட்டலாம். வேலை முடிந்ததும் சூடான செயினை இறுக்கத்திலேயே விட்டுவிட வேண்டாம். ஆறும்போது அது சுருங்கிப் பாரையும் எஞ்சின் தண்டையும் இழுக்கும்.