வேப்: சிங்கப்பூர், மலேசியா, இங்கிலாந்து – யார் சட்டம் உருப்படியானது?

ஹோட்டலில் பக்கத்து மேசைக்காரர் வேப், அதாவது இ-சிகரெட் இழுத்து மாம்பழ வாசனைப் புகையை நம் பக்கம் விடுகிறார். "இங்கே கூடாதுங்க" என்று சொன்னால் சட்டம் நமக்குத் துணை நிற்குமா? மூன்று நாட்டுச் சட்டங்களையும் நான் இதை வைத்தே எடைபோடுகிறேன்.

சிங்கப்பூரில் 2018 பிப்ரவரியிலிருந்து வேப்பைக் கையில் வைத்திருப்பதே குற்றம். வீட்டுக்குள் இழுத்தாலும் குற்றம்தான். அப்படியும் அது நிற்கவில்லை. பென் டிரைவ் அளவுள்ள பொருள், சட்டைப்பைக்குள் அடங்கிவிடும். புகையும் சில நொடிகளில் கலைந்துவிடும். அப்புறம் அறுவை சிகிச்சைக்கு முன் மயக்கம் கொடுக்கப் பயன்படும் எட்டோமிடேட் என்ற மருந்து கலந்த 'கேபாட்' வேப்கள் பரவியதும் அரசு பிடியை இறுக்கியது. 2025 செப்டம்பர் 1 முதல் எட்டோமிடேட் போதைப்பொருள் பட்டியலில் சேர்ந்தது. சாதாரண வேப்போடு முதல்முறை சிக்கினால் பெரியவர்களுக்கு 700 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), 18 வயதுக்குக் கீழிருந்தால் 500 வெள்ளி அபராதம். மறுபடி சிக்கினால் மறுவாழ்வுத் திட்டத்தில் சேர்ந்தே ஆக வேண்டும். தாமாக முன்வந்து ஒப்படைப்பவர்களுக்குத் தண்டனை இல்லை என்று சொல்லி, சமூக மன்றங்களில் தொட்டிகளும் வைத்தார்கள். அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. பழக்கத்தில் மாட்டிக்கொண்டவனுக்கு வெளியே வர ஒரு வழி வேண்டுமே.

ஆனால் எம்ஆர்டி மெட்ரோ ரயில் நிலையத்திலும் பேருந்து முனையத்திலும் ஆள் நிறுத்திச் சோதனை போட வேண்டியிருக்கிறது. சின்ன நாடு, கண்டிப்பான நிர்வாகம், அதனால் முடிகிறது. எல்லா ஊருக்கும் அது கட்டுப்படியாகாது.

இங்கிலாந்து நேர் எதிர். 2007 ஜூலையில் வந்த புகைத்தடை, எரிகிற பொருளைப் பற்றியது. வேப்பில் எதுவும் எரிவதில்லை என்பதால் அது அந்தத் தடைக்குள் வரவில்லை. பப்பில் அனுமதிப்பதா வேண்டாமா என்பது உரிமையாளர் விருப்பம். லண்டன் சுரங்க ரயிலில் கூடாது என்பது அந்த நிர்வாகத்தின் விதி. சிகரெட்டை விட நினைப்பவர்களுக்கு வேப் உதவும் என்பது அங்கே அரசின் நிலைப்பாடு. 2023-இல் பத்து லட்சம் பேருக்கு இலவசமாகக் கொடுக்கும் திட்டத்தையே அறிவித்தார்கள். அந்த நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் சிகரெட்டை விடுபவருக்கு உதவ, அவர் மூடிய அறையில் ஊத வேண்டிய அவசியம் இல்லையே! முடிவைக் கடைக்காரரிடம் விட்டால், வாடிக்கையாளரைப் பகைத்துக்கொள்ளப் பலருக்கும் மனம் வராது.

மலேசியா நடுவழியில் போகிறது. 2023-இல் நிக்கோட்டின் திரவத்தை நச்சுப் பொருள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, மாற்றுச் சட்டம் இல்லாமல் ஒன்றரை வருடம் விட்டார்கள். அந்த இடைவெளியில் சிறுவர்களுக்கு விற்பதைத் தடுக்கக்கூடச் சட்டம் இல்லை. பெரிய தவறு அது. ஆனால் 2024 அக்டோபர் 1-இல் நடைமுறைக்கு வந்த சட்டம் தெளிவானது: சிகரெட் கூடாத இடத்தில் வேப்பும் கூடாது. மீறினால் 5,000 ரிங்கிட் வரை அபராதம். மாமாக் கடையில் (அங்குள்ள தமிழ் முஸ்லிம் உணவகம்) டீ ஆற்றுகிறவருக்கும் இது புரியும். ஒட்டியிருக்கும் அறிவிப்பைக் காட்டினால் போதும்.

என் ஓட்டு மலேசியச் சட்டத்துக்குத்தான்.

நம் இந்தியச் சட்டத்தில் ஒரு விசித்திரம் இருக்கிறது. 2019 சட்டம் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், இருப்பு வைத்தல் எல்லாவற்றையும் தடுக்கிறது. முதல்முறை விற்றுப் பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆனால் அது அடுக்கும் குற்றங்களில் 'பயன்படுத்துவது' இல்லை. பொது இடத்தில் புகைத்தால் 200 ரூபாய் என்கிற 2003 சட்டமோ, புகையிலையை வைத்தே புகைப்பதை வரையறுக்கிறது. வேப்பில் இருப்பது நிக்கோட்டின் திரவம். பஸ்ஸில் ஒருவர் வேப்பை எடுத்தால் கண்டக்டர் எந்தப் பிரிவைக் காட்டுவார்? 2003 சட்டத்தின் வரையறையில் வேப்பையும் ஒரு வரியில் சேர்த்துவிட்டால், அவரால் இறங்கச் சொல்ல முடியும்.