1963 கார்வெட் ஸ்டிங் ரே கூப்பே: பார்க்க ஒரு கார், ஓட்ட ஒரு கார்

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க நிறுவனமான செவ்ரலேயின் இந்த ஸ்போர்ட்ஸ் காரில் உட்கார்ந்து நடுக்கண்ணாடியைப் பார்த்தால், பின்னால் வரும் வண்டி சரியாகத் தெரியாது. பின் ஜன்னலை இரண்டாகப் பிளந்துகொண்டு இறங்கும் தண்டுதான் தெரியும். போலீஸ் கார் ஒன்று நேர் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தால் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும்.

இதே தண்டுக்காகத்தான் இன்றைக்குச் சேகரிப்பாளர்கள் கூடுதலாகப் பணம் கொடுக்கிறார்கள். 1963ஆம் ஆண்டு கூப்பேயில், அதாவது நிலையான கூரை மாடலில், மட்டுமே அது உண்டு. அந்த ஆண்டு தயாரானவை 10,594 கூப்பேக்கள். திறந்த கூரை மாடல் அதைவிடச் சற்று அதிகம், 10,919. அதற்கு முன் பத்து ஆண்டுகள் விற்ற கார்வெட் எல்லாமே திறந்த கூரைதான். கார்வெட்டில் கூப்பே என்று ஒன்று வந்ததே அப்போதுதான்.

நான் ஓட்டியது மிசூரி மாநிலத்து செயின்ட் லூயிஸில் எனக்குப் பழக்கமான ஒரு பெரியவரின் கார். 300 குதிரைத்திறன், 4 கியர், பவர் ஸ்டீயரிங் கிடையாது. கார் தயாரானதும் இதே ஊரில்தான். 1954 முதல் 1981 வரை கார்வெட் தொழிற்சாலை இங்கேதான் இருந்தது. அப்புறம் கென்டக்கி மாநிலத்து பௌலிங் கிரீனுக்குப் போய்விட்டது.

ஓட்டிப் பார்த்தபின் எனக்குத் தோன்றியது: இது இரண்டு பேர் சண்டை போட்டுச் செய்த கார். யார் எங்கே ஜெயித்தார் என்பது ஓட்டும்போதே தெரிகிறது. ஒருவர் செவ்ரலேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் தலைவர் பில் மிட்செல். இன்னொருவர் பொறியாளர் ஜோரா ஆர்கஸ்-டன்டாவ். பிரஸ்ஸல்ஸில் பிறந்தவர், பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் போர்ஷே ஓட்டியவர்.

மிட்செலுக்குப் பழைய புகாட்டி அட்லான்டிக் காரின் முதுகுத்தண்டு போன்ற கோட்டின் மேல் மோகம். மூக்கிலிருந்து கூரை வழியாக வால் வரை அது ஓட வேண்டும், ஜன்னல் வந்தாலும் நிற்கக் கூடாது. அந்தக் கோட்டை எடுப்பதென்றால் காரையே மறந்துவிடலாம் என்கிற அளவுக்குப் பிடிவாதம். பின்னால் பார்க்க முடியவில்லையே என்று டன்டாவ் எதிர்த்தார், 1963இல் தோற்றார். 1964 மாடலில் ஒரே கண்ணாடி வந்துவிட்டது. சில 1963 உரிமையாளர்கள் தங்கள் காரிலும் தண்டை வெட்டி எறிந்துவிட்டு 1964 கண்ணாடியைப் பொருத்திக்கொண்டார்கள். அன்றைக்கு அது புத்திசாலித்தனம்!

பானெட்டில் இருக்கும் இரண்டு கிரில்களும் மிட்செல் பக்கத்து வேலைதான். காற்று உள்ளே போகாது, வெளியேயும் வராது, வெறும் ஒப்பனை. 1964இல் கிரிலை எடுத்துவிட்டார்கள், பள்ளம் மட்டும் மிஞ்சியது. ஆனால் ஹெட்லைட்டைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஸ்விட்சைத் தட்டினால் மின்மோட்டார் சுழல, மூடிக்கிடந்த மூக்கு திரும்பி விளக்காகிறது. 1942 டிசோட்டோ காருக்குப் பிறகு ஒளிந்திருக்கும் ஹெட்லைட் வந்த அமெரிக்கக் கார் இதுதான். உடலின் கோடுகளை வரைந்ததில் லாரி ஷினோடாவுக்குப் பெரிய பங்கு உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, ஜப்பானிய வம்சாவளி என்பதற்காகச் சிறுவயதில் மன்சனார் முகாமில் அடைக்கப்பட்டவர் அவர்.

சரி, டன்டாவ் ஜெயித்த இடத்துக்கு வருவோம். எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

1962 வரை கார்வெட்டின் பின்பக்கம் ஒரே இறுக்கமான ஆக்ஸில். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றதும் சேர்ந்து சாயும். ஸ்டிங் ரேயில், எஞ்சின் விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலைக் காரின் சட்டகத்தோடு பிணைத்துவிட்டு, இரு சக்கரங்களையும் தனித்தனியே அசைய விட்டார். ஸ்பிரிங் என்னவென்றால், லாரியில் இருக்கும் அதே பட்டை ஸ்பிரிங். நீளவாக்கில் இல்லாமல் காரின் குறுக்கே ஒன்றே ஒன்று, 9 பட்டைகள். இன்னொரு தந்திரமும் உண்டு. சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்ட்டே சஸ்பென்ஷனின் மேல் கையாகவும் வேலை செய்கிறது. தனியாக ஒரு பாகம் மிச்சம், எடையும் மிச்சம், செலவும் மிச்சம். மேடு பள்ளமான கிராமத்துச் சாலை வளைவில் பின்பக்கம் குதிக்காமல் தரையைப் பிடித்துக்கொண்டு வந்தது. அறுபது வயதுக் காரிடம் நான் இதை எதிர்பார்க்கவில்லை. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள இடைவெளியை 102 அங்குலத்திலிருந்து 98க்குக் குறைத்ததும் வளைவில் கை கொடுக்கிறது.

327 கன அங்குல எஞ்சின், அதாவது 5.4 லிட்டர் வி8, குறைந்த சுற்றிலேயே தாராளமாக இழுக்கிறது. கியரை அடிக்கடி மாற்ற வேண்டியதில்லை. கார் நிறுத்துமிடத்தில் திருப்பும்போது மட்டும் தோள் வலிக்கும். நெடுஞ்சாலை வேகத்தில் மூக்கு சற்றுத் தூக்குகிற உணர்வு வரும். ஸ்டிங் ரே வடிவத்தின் பிறவிக்குணம் அது, மிரள வேண்டாம். பிரேக்தான் பயம். நான்கு சக்கரத்திலும் டிரம்; இரண்டு மூன்று முறை அழுத்தி நிறுத்தினால் சூடேறிப் பிடிப்பு குறைகிறது. டிஸ்க் பிரேக் 1965இல்தான் வந்தது.

டிக்கி மூடி இல்லை. பெட்டியை இருக்கைக்குப் பின்னால் நுழைத்துத் தள்ள வேண்டும். டயல்களின் நடுவே பளபளப்பு. வெயில் பட்டால் கண்ணில் அடிக்கிறது. அதையும் 1964இல் கறுப்பாக்கினார்கள். ஏசி விருப்பப் பட்டியலில் இருந்தது, 278 கார்களில் மட்டுமே பொருத்தினார்கள். மிசூரி கோடையில் மற்றவர்கள் என்ன பாடுபட்டார்களோ!

அன்றைய அடிப்படை விலை 4,257 டாலர். இன்றைய விலையைச் சொல்லி என்ன பயன்? ஓட்டுவதற்கு வேண்டும் என்றால் என் ஓட்டு 1965க்குத்தான்: இதே சஸ்பென்ஷன், டிஸ்க் பிரேக், முழுக் கண்ணாடி. கொட்டகையில் நிறுத்தி நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்றால் 1963 கூப்பே. அதை வாங்குகிறவர்கள், டாஷ்போர்டில் கையுறைப் பெட்டிக்குக் கீழே குனிந்து எண் தகட்டைப் பாருங்கள். 30837 என்று தொடங்கி அடுத்து எஸ் எழுத்து வந்தால் செயின்ட் லூயிஸில் பிறந்த கூப்பே. 30867 என்றால் அது திறந்த கூரையாகப் பிறந்தது. மேலே என்ன கூரை இருந்தாலும் நம்பாதீர்கள்.