ஆர்.வி. ஃப்ரிட்ஜை எங்கே பிணைப்பது: முகப்பிலா, தரையிலா, பட்டையிலா?

அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆர்.வி. எனப்படும் வீட்டு வண்டிகளில், புரோபேன் எரிவாயுவில் ஓடிய பழைய ஃப்ரிட்ஜைக் கழற்றிவிட்டு அதே கூட்டுக்குள் 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜையோ சாதாரண வீட்டு ஃப்ரிட்ஜையோ பொருத்துபவர்கள் பலர் உள்ளனர். எது எவ்வளவு மின்சாரம் தின்னும் என்று வாரக்கணக்கில் ஆராய்பவர்கள்கூட, பெட்டியை வண்டியோடு பிணைக்கும் வேலையைக் கடைசி அரை மணி நேரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். எங்கள் டிரெய்லரில் பழைய பெட்டியை வெளியே இழுத்தபோது, வினைல் தரையில் இரண்டு விரல் அகலத்துக்குப் பளபளவென்று தேய்ந்த தடம் தெரிந்தது. முகப்பில் இருந்த நான்கு ஸ்க்ரூக்களில் மூன்று விரலால் திருகியதுமே வந்துவிட்டன, அவற்றின் புரிகளில் மரத்தூள் அப்பியிருந்தது.

முறைகளை ஒப்பிடுமுன் பெட்டி எந்தப் பக்கம் போகப் பார்க்கும் என்பதைக் கணக்கிட வேண்டும். 170 செ.மீ. உயரமும் 70 செ.மீ. ஆழமும் உள்ள வீட்டு ஃப்ரிட்ஜின் எடை மையம் ஏறத்தாழ நடு உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், எடையில் ஐந்தில் இரண்டு பங்கு விசையே அதை முன்பக்கமாகக் கவிழ்க்கத் தொடங்கப் போதும். கடுமையான பிரேக்கில் அதைவிட அதிக விசை எழும். ஃப்ரிட்ஜின் கதவு வண்டி ஓடும் திசையைப் பார்த்திருந்தால் நிலைமை மிக மோசம், ஏனெனில் ஒவ்வொரு பிரேக்கும் பெட்டியைக் கூட்டிலிருந்து வெளியே உருவப் பார்க்கும். கதவு பக்கவாட்டில் இருந்தால் அலமாரியின் பக்கச் சுவர் அந்தச் சுமையைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் காற்றோட்டத்துக்காக விட்ட இடைவெளியில் பெட்டி நகர்ந்து வேகம் பிடித்துத்தான் சுவரில் மோதும்.

முகப்பு ஸ்க்ரூ முறையில், ஆர்.வி.க்கென்றே செய்யப்பட்ட ஃப்ரிட்ஜின் முன்விளிம்பில் உள்ள துளைகள் வழியாக அலமாரியின் முகப்புச் சட்டத்தில் ஸ்க்ரூ இறக்குகிறோம். வேலை எளிது, பார்வைக்கும் சுத்தம். ஆனால் பெரும்பாலான வண்டிகளில் அந்தச் சட்டம் மெல்லிய மென்மரக் கட்டைதான், கதவு முன்நோக்கி இருக்கும் வண்டியில் விசை முழுவதும் ஸ்க்ரூவை மரத்திலிருந்து நேராகப் பிடுங்கும் திசையில்தான் விழும். வீட்டு ஃப்ரிட்ஜுக்கோ அப்படி ஒரு விளிம்பே கிடையாது. அதற்காகப் பக்கத் தகட்டில் துளையிட நினைப்பவர்கள் நிறுத்திக்கொள்ள வேண்டும்: இன்றைய பல மாடல்களில் வெப்பம் வெளியேற்றும் குழாய்கள் அந்தத் தகட்டுக்குப் பின்னால்தான் ஓடுகின்றன, உள்ளே இருப்பது பெரும்பாலும் ஆர்600ஏ என்ற எரியக்கூடிய வாயு.

தரைப் பிணைப்பையே நான் முதலிடத்தில் வைப்பேன். பின்பக்கக் கால்களையோ சக்கரத் தாங்கியையோ எல் ஆங்கிள் கொண்டு கவ்வி, தரையை ஊடுருவும் போல்ட்டும் அடியில் அகலமான வாஷரும் நைலாக் நட்டும் (அதிர்வில் கழன்றுவிடாதபடி உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டு) போட்டால், பெட்டி நகர்வதும் பின்பக்கம் எழும்புவதும் ஒரே பிடியில் அடங்குகின்றன. இந்த முறையின் சிரமம் துளையிடும்போதுதான். தரைக்கு அடியில் கழிவுநீர்த் தொட்டியோ மின்கம்பியோ சூடான காற்றுக் குழாயோ போகலாம். அடித்தகட்டைத் திறந்து பார்க்காமல் டிரில்லைக் கையில் எடுக்கக் கூடாது. தரை நுரையை நடுவில் வைத்த மெல்லிய பலகை என்றால், போல்ட் இறுக இறுக நுரை நசுங்கும். அங்கே அடியில் ஓர் இரும்புத் தகடு வைத்துச் சுமையைப் பரப்புவது கட்டாயம்.

தரைப் பிடியோடு பெட்டியின் மேல்முன் விளிம்புக்கு எதிரே ரப்பர் ஒட்டிய ஒரு மரக்கட்டையை அலமாரியில் போல்ட் செய்துவிட்டால், கவிழும் அபாயம் பெரிதும் குறையும். ஃப்ரிட்ஜில் ஒரு துளைகூட வேண்டியதில்லை. வீட்டு ஃப்ரிட்ஜுக்கு இந்த இணையை விஞ்சும் வழி எனக்குத் தெரியவில்லை. பக்கவாட்டு ஆட்டத்துக்குக் காலடியில் மட்டும் கட்டை வைத்தால் போதும், காற்று போகும் வழி அடைபடாது. இடைவெளி முழுவதும் ஸ்ப்ரே நுரை அடிப்பவர்கள் பெட்டியை அசையாமல் நிறுத்துவதோடு கம்ப்ரஸரையும் வேகவைக்கிறார்கள்.

சரக்குகளைக் கட்டப் பயன்படும், நெம்புகோலால் இறுக்கும் ராட்செட் பட்டையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பட்டை எத்தனை கிலோ தாங்கினாலும், அதன் கொக்கி 3 மி.மீ. பிளைவுட் சுவரில் மாட்டியிருந்தால் தாங்குவது அந்தச் சுவர்தான். இறுக்கினால் தகடு வளைகிறது. கதவின் மேல் போனால் வழியில் தண்ணீர் பாட்டிலை எடுக்கக்கூட அவிழ்க்க வேண்டும். பழுதான வண்டியை ஊர் கொண்டுபோய்ச் சேர்க்கும்வரை ஓரிரு நாள் பயன்படுத்தலாம்.

புரோபேன் ஃப்ரிட்ஜையே வைத்துக்கொள்பவர்களுக்குக் கதை சற்று மாறுகிறது. அதன் சுடர் எரியும் பின்பகுதி வசிப்பறையிலிருந்து அடைத்துப் பிரிக்கப்பட்டிருக்க வேண்டும், இல்லையேல் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். ஆகவே தயாரிப்பாளர் காட்டிய துளைகளைத் தவிர வேறெங்கும் ஸ்க்ரூ போடாமல், முகப்பு, பின்பக்க அடிப்பாகம் இரண்டையும் பிணைத்து, சுற்றுப்புற அடைப்பைக் கலைக்காமல் விடுவதே சரி.

எதைத் தேர்ந்தாலும், இறுக்கிய போல்ட்டின் தலையிலிருந்து ஆங்கிள்வரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். முதல் நூறு கிலோமீட்டர் கழித்து வண்டியை ஓரங்கட்டி டார்ச் அடித்துப் பார்த்தால், போல்ட் திரும்பியிருக்கிறதா என்பது அந்தக் கோட்டிலேயே தெரிந்துவிடும்.