எல்சிடியில் கேள்விக்குறி: லிங்கரா, டிடிஓஎஸ்டிஆர்எஃபா, முழு எண்ணா?

ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையில், எண்களை எழுத்துச் சரமாக்கும் ஸ்பிரிண்ட்எஃப் ஃபங்ஷன் மூலம் வெப்பநிலையைத் தசமத்தோடு எல்சிடி திரையில் காட்டப் போனால், எண் வரவேண்டிய இடத்தில் கேள்விக்குறி வந்து நிற்கும். சென்சார்மேல் பழி போடாதீர்கள். நிரலைச் சேமிக்கும் ஃபிளாஷ் நினைவகம் மொத்தமே 32 கிலோபைட் என்பதால், இடத்தை மிச்சம் பிடிக்க, தசமத்தை அச்சிடும் பகுதியை ஊனோவின் சி நூலகம் சேர்ப்பதில்லை.

நிரலின் பகுதிகளை ஒன்றாக இணைக்கும் லிங்கருக்குக் கூடுதல் கட்டளை கொடுத்து அந்தப் பகுதியைச் சேர்த்துக்கொள்ளலாம். அல்லது டிடிஓஎஸ்டிஆர்எஃப் என்ற ஃபங்ஷன் கொண்டு தசம எண்ணைச் சரமாக்கலாம். அந்தச் சரத்தை வைக்கும் நினைவிடமான பஃபரைத் தாராளமாக ஒதுக்கினால் போதும், அவசரத்துக்குக் குறைசொல்ல முடியாத வழி.

குளிர்பதனப் பெட்டிக்கான என் காட்சிப்பலகைக்கு நான் எடுத்தது மூன்றாவது வழி: தசமமே வேண்டாம், முழு எண். டிஎஸ்18பி20 சென்சார் 12 பிட் அளவீட்டில் தருவதே டிகிரியின் பதினாறில் ஒரு பங்குகளின் எண்ணிக்கைதான். அதை 100ஆல் பெருக்கி 16ஆல் வகுத்தால் நூறில் ஒரு பங்குக் கணக்கு கிடைத்துவிடும்.

பொறிகள் இல்லாமல் இல்லை. ஊனோவில் முழு எண்ணுக்கான இன்ட் வகை 16 பிட் மட்டுமே; 20.5 டிகிரியில் பெருக்கல் வழிந்து, திரையில் மைனஸ் 20.46 என்று வரும். ஆகவே 32 பிட் மாறி கட்டாயம். புள்ளிக்குப் பின் பூச்சியம் நிரப்பாவிட்டால் 25.06 என்பது 25.6 ஆகிவிடும். மைனஸ் அரை டிகிரி "0.-50" என்று அலங்கோலமாகத் தெரியும், குறியைத் தனியே அச்சிட வேண்டும்.

இத்தனை தொல்லை இருந்தும் முழு எண் பக்கமே சாய்வதற்குக் காரணம் பராமரிப்பு. லிங்கர் கட்டளை நிரலுக்கு வெளியே இருக்கிறது. ஆர்டுயினோவின் பிளாட்ஃபார்ம் கோப்பைத் திருத்தி அதைச் சேர்த்திருந்தால், பலகைத் தொகுப்பைப் புதுப்பித்ததும் திருத்தம் போய்விடும். வேறு கணினியில் கம்பைல் செய்தாலும் அதே கதை. பிழைச் செய்தி எதுவும் வராது. பெட்டி வாடிக்கையாளரிடம் போய்ச் சேர்ந்த பிறகு கேள்விக்குறி எட்டிப் பார்க்கும். முழு எண்ணின் பொறிகளோ ஒரே ஃபங்ஷனுக்குள் அடங்குபவை. பூச்சியத்தைச் சுற்றிச் சில மதிப்புகளையும் 20.5ஐயும் கொடுத்துச் சோதித்துவிட்டால், நிரல் போகுமிடமெல்லாம் அந்தத் திருத்தமும் கூடவே போகும்.

எஸ்டிஎம்32 என்ற வேறு சிப் வகையில் என் அனுபவம் ஒரே பலகையோடு சரி. அங்கே நியூலிப் நானோ என்ற சி நூலகம் கேள்விக்குறிகூடப் போடாமல் இடத்தைக் காலியாக விட்டது. நிரல் எழுதும் மென்பொருளான கியூப்ஐடிஇயின் அமைப்புகளில் ஒரு பெட்டியை டிக் செய்ததும் சரியானது. இஎஸ்பி32 சிப்பில் ஸ்பிரிண்ட்எஃப் தசமத்தை இயல்பாகவே அச்சிடுகிறது. அங்கே முழு எண்ணுக்காக மெனக்கெட மாட்டேன்.