வேதிவினை வகைகள் சொல்லித்தர சுண்ணாம்பா, மயில்துத்தமா?

பத்தாம் வகுப்பில் சேர்க்கை, சிதைவு, ஒற்றை இடப்பெயர்ச்சி, இரட்டை இடப்பெயர்ச்சி, எரிதல் என்று ஐந்து வகை வினைகள் வருகின்றன. வகைக்கு ஒரு புதுப்பொருளைக் காட்டினால் பிள்ளைகள் எல்லாவற்றையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். அதனால் கோத்தகிரியில் என் டியூஷனில் ஒரே பொருளை வைத்து முடிந்தவரை காட்டிவிடுவது என்று முடிவெடுத்தேன். சுண்ணாம்பையும் மயில்துத்தத்தையும் (காப்பர் சல்பேட்) பார்த்துவிட்டு மயில்துத்தத்தில் நிலைத்துவிட்டேன்.

சுண்ணாம்பு மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் சுண்ணாம்புக்கல்லைச் சிதைக்க 900 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். அது சூளை வேலை. சுட்ட சுண்ணாம்பு டப்பாவைச் சரியாக மூடாவிட்டால், இந்த ஊர் மூடுபனியில் தானே நீறிப் பொடிந்துவிடும். இதெல்லாம் போகட்டும். கல்லும் வெள்ளை, சுட்டதும் வெள்ளை, நீறியதும் வெள்ளை. எது எதுவாக மாறியது என்று நாம் சொல்லித்தான் பிள்ளை நம்ப வேண்டும்.

மயில்துத்தத்தில் நிறமே சொல்லிவிடும். கரைசலில் இரும்பாணி போட்டால் ஆணி மேல் செம்பு படியும்: இரும்பு செம்பின் இடத்தைப் பிடிக்கும் ஒற்றை இடப்பெயர்ச்சி. நீலம் வெளுத்து இளம்பச்சையாகும். வந்ததும் போனதும் இரண்டுமே கண்ணுக்குத் தெரியும். சோடியம் ஹைட்ராக்சைடு விட்டால் நீலக் கூழாக, கரையாத வீழ்படிவு: இரண்டு பொருளும் ஜோடி மாற்றிக்கொள்ளும் இரட்டை இடப்பெயர்ச்சி. அந்தக் கூழையே சூடாக்கினால் சிதைந்து கறுப்பு ஆக்சைடாகும். நஞ்சு என்பதால் கை கழுவாமல் யாரையும் விடுவதில்லை.

உருளைக்கிழங்கு போடும் வீடுகளில் போர்டோ கலவையைக் கேள்விப்பட்டிருப்பார்கள். 100 லிட்டர் தண்ணீருக்கு மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, இலைக்கருகலுக்கு அடிப்பது. கலந்ததும், தீட்டிய இரும்புக் கத்தியை முக்கிப் பார்க்க வேண்டும். அலகில் செம்புக்கறை பிடித்தால் கரைந்த காப்பர் இன்னும் மிச்சம் என்று அர்த்தம். அப்படியே அடித்தால் இலை பொசுங்கும். கறை பிடிக்காத வரைக்கும் சுண்ணாம்புப் பால் விட வேண்டும். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலக்கும் இரட்டை இடப்பெயர்ச்சி முடிந்ததா என்று, கத்தியில் செம்பு படியும் ஒற்றை இடப்பெயர்ச்சியை வைத்துச் சோதிக்கிறோம்! இதைச் சொன்ன பிறகு இரண்டையும் குழப்பிக்கொள்வது நன்றாகவே குறைகிறது.

சேர்க்கை வினைக்கு மட்டும் என் ஓட்டு சுண்ணாம்புக்குத்தான். சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் விட்டதும் சீறிக் கொதிப்பதைத் தள்ளி நின்று பார்த்தால் போதும். நீலப் படிகத்தைச் சூடாக்கி வெள்ளையாக்கி, ஒரு சொட்டுத் தண்ணீரில் மறுபடி நீலமாக்கலாம், அழகாக இருக்கும். ஆனால் அதைத் தேர்வில் சேர்க்கை வினைக்கு உதாரணமாக எழுதச் சொல்ல எனக்குத் தயக்கம். எரிதலுக்கு இரண்டும் உதவாது, மெழுகுவத்தி ஏற்ற வேண்டியதுதான். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு நான் எடுத்ததில்லை; ஆக்சிஜனேற்றம், ஒடுக்கம் என்று போகும்போதும் அதே ஆணிச் சோதனை கைகொடுக்கும் என்றுதான் தோன்றுகிறது.