சாவி யாரிடம் இருக்கிறது? தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு தனியார் டெக்னிக்கல் காலேஜ், எட்டு மாதம் கழித்து

போன ஞாயிறு கிளேர்வுட் கோயிலில் ஓர் அக்கா அம்மாவைப் பிடித்துக்கொண்டார். அவர் மகன் இந்த ஆண்டு மெட்ரிக், அதாவது பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதுகிறான். "உங்க பையன் படிக்கிற காலேஜ் எப்படி? எங்க ஆளைச் சேர்க்கலாமா?" அம்மா என்னைக் கை காட்டிவிட்டு நகர்ந்துவிட்டார். நான் "பரவாயில்லை அக்கா" என்று சொல்லித் தப்பித்தேன். பரவாயில்லை என்பது வசதியான சொல். கோயில் சாம்பாருக்கும் அதையே சொல்லலாம். ஆனால் அந்த அக்கா 30,000 ரேண்டுக்கு மேல் போட யோசிக்கிறார். அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

காலேஜின் பெயரைப் போட மாட்டேன். இன்னும் அங்கேதான் படிக்கிறேன். டர்பன் நகர மையத்தில், வார்விக் டாக்ஸி நிறுத்தத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஒரு பழைய கட்டடத்தின் நான்காம் மாடி. லிஃப்ட் உண்டு, ஓடினால்.

நான் படிப்பது எலெக்ட்ரிக்கல் இன்ஜினியரிங். பள்ளிக்குப் பிறகு என்-4, என்-5, என்-6 என்று மூன்று படி, ஒவ்வொன்றும் ஒரு டிரைமெஸ்டர், அதாவது வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஜனவரியில் என்-4 சேர்ந்தேன், ஆகஸ்டில் என்-5 பரீட்சை எழுதினேன், இப்போது என்-6 வாசலில் நிற்கிறேன். டிவெட் என்கிற அரசுத் தொழிற்கல்விக் காலேஜுக்கும் விண்ணப்பம் போட்டிருந்தேன். இடம் கிடைக்கவில்லை. அங்கே கிடைத்திருந்தால் என்ஸ்ஃபாஸ் என்கிற அரசின் மாணவர் நிதி உதவிக்கும் முயன்றிருக்கலாம். தனியாருக்கு அது கிடையாது, எல்லாம் அப்பாவின் பாக்கெட்தான். இதை அக்கா முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். சேர்க்கை மேசையில் இருந்த பெண் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. நாங்கள் கேட்ட பிறகுதான், "இன்ஸ்டால்மென்ட் வசதி இருக்கு" என்று பேச்சை மாற்றினார்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பதிவுக் கட்டணம் 1,500, திரும்பக் கிடைக்காது. ஒவ்வொரு டிரைமெஸ்டருக்கும் 13,900. அதோடு "வொர்க்‌ஷாப் லெவி" என்று தனியாக ஒரு கட்டணம், 850. இதுவரை இரண்டு டிரைமெஸ்டர் முடிந்து மொத்தம் 31,000 ரேண்ட். டாக்ஸிக் காசு, புத்தகம் இதில் சேர்த்தியில்லை.

அந்த 850-ஐப் பற்றித்தான் நான் பேசப் போகிறேன். மற்றதெல்லாம் அக்கா கேட்டதற்காக.

சேர்வதற்கு முன் கையில் கொடுத்த வண்ணத் தாளில் ஒரு படம். பாதுகாப்புக் கண்ணாடி போட்ட ஒரு பையன் பெரிய பேனலின் முன் ஸ்க்ரூ டிரைவரோடு நிற்கிறான். அப்பா அந்தப் படத்தைத்தான் நிறைய நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "கையால செய்யற வேலை கத்துத் தருவாங்க போலிருக்கு" என்றார். மூன்று மாதம் கழித்து அதே தாளை வீட்டில் மறுபடி பார்த்தேன். பையனுக்குப் பின்னால் சுவரில் இருந்த பிளக் பாயின்ட் தட்டையான கால் வகை. நம் ஊரில் மூன்று உருண்டைக் கால் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். அந்தப் படம் எந்த நாட்டில் எடுத்ததோ! இதைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்ததும் அதே காலேஜ்தான், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

வொர்க்‌ஷாப் இருக்கிறது. நான்காம் மாடியின் கடைசி அறை, சாம்பல் நிற இரும்புக் கதவு. கதவில் ஒரு சின்னக் கண்ணாடிச் சதுரம். அதன் வழியே பார்த்தால் உள்ளே நான்கு பயிற்சி போர்டுகள் தெரியும், மேலே சுற்றிய பிளாஸ்டிக் கூடக் கழற்றவில்லை. மூலையில் ஒரு மோட்டார். எட்டு மாதத்தில் நான் அந்த அறைக்குள் போனது மூன்று தடவை. என்-4-இல் இரண்டு, என்-5-இல் ஒன்று. எல்லாம் சேர்த்து ஐந்து மணி நேரம் இருக்கலாம். இரண்டு லெவியும் சேர்ந்த 1,700 ரேண்டை ஐந்தால் வகுத்துப் பாருங்கள், மணிக்கு 340 ரேண்ட். அந்தக் காசுக்கு எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பன்னி சௌ, அதாவது குடைந்த ரொட்டிக்குள் கறிக்குழம்பு, வாங்கிவிடலாம், மட்டன் போட்டது.

மற்ற நாளெல்லாம் பூட்டு. சாவி எங்கே என்றால் ரிசப்ஷனில் "ஃபைனான்ஸில் கேள்" என்பார்கள். ஃபைனான்ஸில் "மேனேஜரிடம்" என்பார்கள். மேனேஜர் அன்றைக்கு இன்னொரு கிளையில் இருப்பார். ஒரு தடவை செக்யூரிட்டி அண்ணனிடம் சாவி இருக்கிறது என்று ஒருவன் ஓடி வந்து சொன்னான். ஆளைத் தேடிப் பிடித்தோம். அவரிடம் இருந்தது டாய்லெட் சாவி.

கோபத்தோடு மேனேஜரிடமே போனேன். அவர் சொன்ன பதிலுக்கு என்னிடம் மறு பதில் இல்லை, அதுதான் எரிச்சல். என்-4 முதல் என்-6 வரை தேசியப் பாடத்திட்டம் எழுத்துத் தேர்வுக்கானது. என்-4-இல் கணிதம், இன்ஜினியரிங் சயன்ஸ், எலெக்ட்ரோடெக்னிக்ஸ், இண்டஸ்ட்ரியல் எலெக்ட்ரானிக்ஸ் என்று நான்கு பாடம். வினாத்தாள் அரசுத் துறையிலிருந்து வருகிறது. அதில் ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கச் சொல்லும் கேள்வி ஒன்றுகூடக் கிடையாது. "நாங்கள் கூடுதலாகத்தான் தருகிறோம்" என்றார் அவர். சரி ஐயா, கூடுதலுக்குத்தானே 850 வாங்கினீர்கள்?

இதை அக்கா தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். மகன் எலெக்ட்ரீஷியன் ஆக வேண்டும் என்றால் வழி வேறு. ஒரு முதலாளியிடம் அப்ரென்டிஸாகச் சேர்ந்து, வேலை கற்று, டிரேட் டெஸ்ட் என்கிற தொழில் தகுதித் தேர்வில் தேற வேண்டும். என்-4, என்-5, என்-6 படிப்பு டெக்னீஷியன் பக்கம் போகிற பாதை. அதை முடித்தாலும் டிப்ளமா உடனே கையில் வராது. துறையில் வேலை பார்த்த அனுபவத்தைக் காட்டி விண்ணப்பித்தால்தான் வரும். சேர்க்கை மேசையில் சொன்னது என்ன தெரியுமா? "ஒரே வருஷத்தில் டிப்ளமா." அப்பா அதை நம்பித்தான் கையெழுத்துப் போட்டார். இன்னொன்று, மெட்ரிக்கில் மகன் சரியான மேத்ஸ் எடுத்திருக்கிறானா என்று பாருங்கள். மேத்ஸ் லிட்டரசி, அதாவது அன்றாடக் கணக்குச் சொல்லித்தரும் எளிய பாடம் மட்டும் என்றால் இந்தப் பேச்சே வேண்டாம்.

இனி நியாயமாக நல்லதையும் சொல்ல வேண்டும். பதிவு உண்மையானது. உயர்கல்வித் துறையின் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று சேரும் முன்பே பார்த்தேன், இருந்தது. ஓடிப்போகும் காலேஜ்கள் இந்த ஊரில் இல்லாமல் இல்லை, அதனால் இது சின்ன விஷயமில்லை. பரீட்சை ஒழுங்காக நடந்தது. வருகைப் பதிவு, உள் மதிப்பெண் எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். என்-4-இல் நான்கும் பாஸ், எலெக்ட்ரோடெக்னிக்ஸில் 72.

அந்த 72 காலேஜின் மதிப்பெண் இல்லை. பாபாவின் மதிப்பெண்.

பாபா எங்கள் எலெக்ட்ரோடெக்னிக்ஸ் ஆசிரியர். நகராட்சி மின்சாரப் பிரிவில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஜூலு பெரியவர். பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. எல்லாருக்கும் பாபாதான். முதல் நாள் போர்டில் ஃபார்முலா எதுவும் எழுதவில்லை. ஒரு பழைய மல்டிமீட்டரைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். "தொடுவதற்கு முன் மூன்று தடவை பார்" என்றார். முதலில் கரன்ட் இருப்பது தெரிந்த இடத்தில் மீட்டரை வை, மீட்டர் வேலை செய்கிறதா என்று தெரியும். அப்புறம் நீ கை வைக்கப் போகும் இடத்தில் வை. மறுபடி முதல் இடத்துக்கே போய் வை, நடுவில் மீட்டர் செத்துப்போகவில்லை என்று உறுதி செய். "செத்த மீட்டர் எல்லா இடத்திலும் பூஜ்யம்தான் காட்டும். பூஜ்யத்தை நம்பிக் கை வைத்த என் நண்பன் ஒருவன் இன்று இல்லை." வகுப்பில் சத்தமே இல்லை. நாங்கள் சேர்ந்த அந்த ஜனவரி கடைசியில்தான், பத்து மாதத்துக்குப் பிறகு லோட் ஷெடிங், அதாவது முறை வைத்து மின்சாரத்தை நிறுத்துவது, திரும்ப வந்தது. "இப்போது செத்துக் கிடக்கிற வயர் எந்த நிமிஷமும் உயிரோடு எழுந்து வரும்" என்று அதையும் பாடமாக்கினார்.

வொர்க்‌ஷாப் பூட்டிக் கிடந்த ஒரு செவ்வாய்க்கிழமை, அவர் எங்களை வராண்டாவுக்குக் கூட்டிப் போனார். பையிலிருந்து ஒரு கீசர் எலிமென்டை எடுத்தார், அவர் வீட்டில் கழற்றியது. "இது 3 கிலோவாட். நம் வீட்டு வோல்டேஜ் 230. இதன் ரெசிஸ்டன்ஸ் என்ன?" கணக்குப் போட்டோம். 230-ஐ 230-ஆல் பெருக்கி 3,000-ஆல் வகுத்தால் 17.6 ஓம். எழுதிக் காட்டினோம். அவர் மீட்டரை என் கையில் கொடுத்து, "அளந்து பார்" என்றார். முனைகளை வைத்தேன். திரையில் 17.8.

பள்ளியில் நூறு கணக்குப் போட்டிருப்பேன். தாளில் வந்த எண் அப்படியே ஒரு இரும்புத் துண்டுக்குள்ளிருந்து எழுந்து வந்து நின்றது அன்றைக்குத்தான். வராண்டாத் தரையில் உட்கார்ந்து பதினெட்டுப் பேரும் வரிசையாக அதையே அளந்தோம். யாரும் சாப்பிடப் போகவில்லை. 850 ரேண்ட் கொடுத்த அறைக்குள் இப்படி ஒன்று ஒரு நாளும் நடக்கவில்லை. அங்கே இருந்த இரண்டு மீட்டரிலும் கரன்ட் அளக்கும் பக்கத்தின் ஃபியூஸ் போயிருந்தது. யாரோ ஆம்ப் இடத்தில் வயரைச் செருகிக்கொண்டு வோல்டேஜ் அளக்கப் பார்த்திருக்கிறான். அந்தப் பக்கம் மீட்டருக்குள் தடை கிட்டத்தட்ட இல்லாத மாதிரி, அதனால் பட்டென்று ஃபியூஸ் போகும். புது ஃபியூஸ் கேட்டு எழுதிக் கொடுத்தோம். ஐந்து மாதம் ஆகிறது.

ஜூலைக் குளிரில் டர்பன் புறநகர் ஃபீனிக்ஸில் அத்தை வீட்டு கீசர் நின்றுபோனது. பிளம்பர் வந்து பார்த்து, "டேங்கே போச்சு, புதுசு போடணும்" என்று விலை சொன்னார். அத்தை அப்பாவுக்கு போன் போட, நான் கிளம்பிப் போனேன். டிபி போர்டில், அதாவது வீட்டு மின்பெட்டியில், பிரேக்கரை இறக்கி, ஐசோலேட்டரையும் அணைத்து, பாபா சொன்ன மூன்று தடவையும் பார்த்தேன். பிளம்பர் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தார். எலிமென்டின் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்தேன். 17-உம் இல்லை, 18-உம் இல்லை. சுற்று அறுந்து கிடந்தது. "எலிமென்ட்தான் அங்கிள் போயிருக்கு" என்றேன். அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டு மறுபடி ஒரு தடவை பார்த்தார். மாற்றும் வேலையை அவரே செய்தார். எனக்கு அதற்கு உரிமம் இல்லை, செய்யவும் மாட்டேன். அன்று ராத்திரி அத்தை வெந்நீரில் குளித்தார். எனக்கு ஒரு டப்பா முறுக்கு கிடைத்தது. அந்த மீட்டரும் என் சொந்தக் காசில் வாங்கியதுதான், பாபா எந்த வகை என்று எழுதிக் கொடுத்தார்.

தாத்தாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் இளவயதில் எம். எல். சுல்தான் டெக்னிக்கல் காலேஜில் மாலை வகுப்புக்குப் போனவர். 1890-இல் கேரளக் கரையிலிருந்து ஒப்பந்தக் கூலியாக இங்கே வந்த அந்த சுல்தான் பின்னாளில் தன் பணத்தைக் கொடுக்க, 1946-இல் அந்தக் காலேஜ் எழுந்தது. நம் ஆட்களுக்கு வேறு கதவு திறக்காத காலம். இன்று அது டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதி. தாத்தா பெருமூச்சு விட்டு ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "லெவின்னா என்னடா?" என்று மட்டும் கேட்டார். விளக்கினேன். "பூட்டுக்கா காசு?" என்றார்.

இன்று காலை என்-6 விஷயமாகப் போயிருந்தேன். எண்பத்திரண்டு படி ஏறினேன், லிஃப்ட் ஓடவில்லை. வொர்க்‌ஷாப் கதவில் புதிதாக ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள்: "அனுமதி இன்றி நுழையாதீர்." நுழைய முடிந்தால்தானே. கண்ணாடி வழியே பார்த்தேன். பிளாஸ்டிக் அப்படியே இருக்கிறது, மோட்டார் மேல் யாரோ பழைய நாற்காலியை ஏற்றி வைத்திருக்கிறார்கள்.

ஆகவே அக்கா, சேர்க்க வேண்டாம். பதிவு சரி, பரீட்சை சரி, ஆசிரியர் தங்கம், எல்லாம் நான்தான் எழுதினேன். இருந்தாலும் வேண்டாம். டிவெட்டுக்கு இப்போதே விண்ணப்பம் போடச் சொல்லுங்கள். கிடைக்கவில்லை என்றால் ஒரு நல்ல எலெக்ட்ரீஷியன் கூடக் கொஞ்ச நாள் அனுப்பி, அவனுக்கு இது பிடிக்கிறதா என்று பாருங்கள்.

நான் வெள்ளிக்கிழமை என்-6 பணம் கட்டப் போகிறேன். பவர் மெஷின்ஸ் பாடத்தை பாபா எடுப்பார் என்று ரிசப்ஷனில் சொன்னார்கள். 13,900 எண்ணி வைத்திருக்கிறேன். அந்த 850 வேண்டும் என்றால், முதலில் கதவைத் திறந்து காட்டட்டும்.