விஎம் டிராஃபிக்கை எங்கே நின்று எண்ணுவது: உள்ளேயா, வாசலிலா, தெருவிலா?

ஒரு விஎம் (வெர்ச்சுவல் மெஷின், அதாவது ஒரு கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கிய கணினி) நேற்று எவ்வளவு டேட்டா அனுப்பியது என்று கேட்டால், யாரிடம் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். உள்ளே ஓடும் ஏஜென்ட், அதாவது கண்காணிப்பு மென்பொருள், ஒரு கணக்கு சொல்லும். விஎம்மைத் தாங்கி நிற்கும் ஹோஸ்ட் கணினி இன்னொரு கணக்கு சொல்லும். சுவிட்சைக் கேட்டால் மூன்றாவதாக ஒன்று வரும். எதுவும் பொய்க் கணக்கு இல்லை. எண்ணும் இடம்தான் வேறு. கேவிஎம் (லினக்ஸில் விஎம்களை ஓட்டும் வசதி) ஹோஸ்ட்களைப் பார்த்துக்கொள்வது என் அன்றாட வேலை. அதில் எனக்கு உறுதியாகிவிட்ட முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஹோஸ்ட் உங்கள் கையில் இருந்தால், அடிப்படைக் கணக்கை அங்கே, விஎம்மின் வாசலான டேப் இன்டர்ஃபேஸில் (விஎம்மின் நெட்வொர்க் கார்டு ஹோஸ்டோடு இணையும் மென்பொருள் முனையில்) எடுங்கள். மற்ற வழிகளை அதன் மேல் சேர்த்துக்கொள்ளலாம்.

உள்ளே இருந்து எண்ணுவதுதான் எல்லாவற்றிலும் சுலபம். லினக்ஸ் விஎம்மாக இருந்தால் கர்னலே (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஒவ்வொரு இன்டர்ஃபேஸுக்கும் பைட், பாக்கெட், பிழை, டிராப் (கைவிடப்பட்ட பாக்கெட்) எல்லாவற்றையும் எண்ணி வைத்திருக்கிறது. விஎன்ஸ்டாட் என்ற கருவி அந்த எண்களைத்தான் படிக்கிறது. பாக்கெட்டைப் பிடித்துப் பார்ப்பதில்லை என்பதால் சுமை கிட்டத்தட்ட இல்லை. 2.0 பதிப்பிலிருந்து எஸ்க்யூலைட் தரவுத்தளக் கோப்பில் ஐந்து நிமிடம், மணி, நாள், மாதம் என்று பிரித்துச் சேமிக்கிறது. ஒன்றிரண்டு விஎம் மட்டும் வைத்திருப்பவருக்கு இதுவே போதும், வேறெதையும் தேட வேண்டாம். எந்த முகவரிக்கு எவ்வளவு போகிறது என்று தெரிய ஐஎஃப்டாப், எந்த ப்ராசஸ் இழுக்கிறது என்று தெரிய நெட்ஹாக்ஸ். இந்தக் கடைசிக் கேள்விக்கு வெளியே இருந்து யாராலும் பதில் சொல்ல முடியாது. அங்கே உள்பார்வைக்குப் போட்டியே கிடையாது.

ஆனால் அடிப்படைக் கணக்கை அதன் மேல் கட்டினால் சிக்கல்தான். விஎம்மின் சொந்தக்காரர் ஏஜென்ட்டை நிறுத்தலாம். விஎம் உறைந்துபோனால் கணக்கும் உறைந்துபோகும். யாராவது உள்ளே புகுந்துவிட்டார்கள் என்றால், அந்த விஎம் தன்னைப் பற்றிச் சொல்லும் எதையும் நம்ப முடியாது. சரியாக அந்த நேரத்தில்தான் டிராஃபிக் கணக்கு நமக்கு மிகவும் தேவைப்படும். இன்னொன்றும் உண்டு. விஎம்முக்கு சிபியு கிடைக்காமல் பாக்கெட்டுகளை எடுக்கத் தாமதமானால், டேப்பின் வரிசை நிரம்பி ஹோஸ்டிலேயே பாக்கெட் விழுந்துவிடும். உள்ளே இருக்கும் கவுன்டரில் அதற்குச் சுவடே இருக்காது. "எங்கள் பக்கம் டிராப் பூஜ்யம், உங்கள் நெட்வொர்க்தான் சரியில்லை" என்று விஎம்காரர் உண்மையாகவே நம்பிச் சொல்வார்.

சரி, வாசலுக்கு வருவோம். ஹோஸ்டில் விநெட்0, விநெட்1 என்று தெரிவதுதான் டேப். விஎம்முக்குள் எதையும் நிறுவ வேண்டாம், விண்டோஸா லினக்ஸா என்று பார்க்க வேண்டாம், யாரிடமும் கடவுச்சொல் கேட்க வேண்டாம். உள்ளே என்ன நடந்தாலும் இந்தக் கணக்கைத் திருத்த முடியாது.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, நான் விழுந்த பள்ளம். ஒரு விஎம்மின் விநெட் இன்டர்ஃபேஸில் ஆர்எக்ஸ் எண் ஏறிக்கொண்டே போனது. ஆர்எக்ஸ் என்றால் வரவு, ஆகவே இந்த விஎம் எதையோ பதிவிறக்குகிறது என்று அதன் சொந்தக்காரரிடம் சொன்னேன். அவர் இரண்டு மணி நேரம் பதிவிறக்கத்தைத் தேடினார். உண்மையில் அவருடைய பேக்கப் வேலை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. டேப் ஹோஸ்டின் கண்ணால் பார்க்கிறது: விஎம் அனுப்புவது அதற்கு வரவு, விஎம் பெறுவது அதற்குச் செலவு. இதை இன்னும் குழப்புவது என்னவென்றால், விஎம்களை நிர்வகிக்கும் லிப்வெர்ட்டின் டொம்இஃப்ஸ்டாட் கட்டளை இந்த இரண்டையும் மாற்றிப் போட்டு விஎம்மின் பார்வையில் காட்டுகிறது. ஒரே ஹோஸ்டில், ஒரே இன்டர்ஃபேஸுக்கு, லினக்ஸின் ஐபி கட்டளை ஒரு பக்கமும் டொம்இஃப்ஸ்டாட் எதிர்ப்பக்கமும் காட்டும். விஎம்மை ஹோஸ்டின் கார்டு மேலேயே சேர்க்கும் மேக்விடேப் வகையில் இணைத்திருந்தால் இந்தத் திருப்பமே இல்லை. இரண்டு விதமும் கலந்திருக்கும் இடத்தில், எந்தப் பார்வை என்று எழுதி வைக்காத கிராஃப் வேண்டாத வேலை வைக்கும்.

கணக்கு எவ்வளவு பொருந்தும் என்பதையும் அருகில் போய்ப் பார்க்கலாம். விஎம்மிலிருந்து சரியாக 1 கிபிபைட் கோப்பு ஒன்றை டிசிபி வழியாக அனுப்புகிறோம் என்று வையுங்கள். அதாவது 1,07,37,41,824 பைட். வழக்கமான 1500 எம்டியுவில் (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, பைட்டில்) ஒரு பாக்கெட்டுக்குள் 1448 பைட் டேட்டா போகும். வயரில் பார்த்தால் சுமார் 7,41,500 பாக்கெட். ஒவ்வொன்றும் ஈதர்நெட் தலைப்போடு 1514 பைட் என்பதால் மொத்தம் கோப்பைவிட சுமார் 4.6 சதவீதம் கூடுதல். டேப்பில் பார்த்தால் கதை வேறு. விர்ட்ஐஓ கார்டில் (விஎம்முக்கான மெய்நிகர் நெட்வொர்க் கார்டு) டிஎஸ்ஓ, அதாவது பாக்கெட்டாக வெட்டும் வேலையைக் கார்டிடம் விடும் வசதி, இயங்கும்போது விஎம் 64 கேபி வரை பெரிய துண்டுகளாகத் தள்ளிவிடும். அதைச் சின்னதாக வெட்டுவது பின்னால் நடக்கும். அப்போது டேப்பில் பதிவாகும் பாக்கெட் எண்ணிக்கை சுமார் 16,500 வரை குறையலாம், பைட் கணக்கிலும் தலைப்புகளின் கூடுதல் காணாமல் போகும். உள்ளே இருக்கும் கவுன்டரும் பெரிய துண்டுகளைத்தான் எண்ணும் என்பதால் இதில் அதற்கும் மேன்மை இல்லை. ஆகவே பைட் கணக்குக்கு டேப்பை நம்பலாம். விநாடிக்கு எத்தனை பாக்கெட் என்ற கேள்விக்கு வெளியே இருக்கும் சுவிட்ச் போர்ட்டைப் பாருங்கள்.

கவுன்டர் எப்போது பூஜ்யத்துக்குத் திரும்புகிறது என்பதிலும் இரண்டுக்கும் நேர் எதிர்க் குணம். விஎம்மை உள்ளிருந்து ரீபூட் செய்தால் அதன் கவுன்டர் பூஜ்யமாகும். டேப் பொதுவாக அப்படியே இருக்கும், எண்ணும் தொடரும். லைவ் மைக்ரேஷன் (விஎம்மை நிறுத்தாமலே வேறு ஹோஸ்டுக்கு மாற்றுவது) செய்தால் விஎம்மின் நினைவகம் முழுதாக இடம் மாறுவதால் உள் கவுன்டர் விட்ட இடத்திலிருந்து ஓடும். புது ஹோஸ்டில் டேப் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அதோடு விநெட்7 என்ற பெயர் இன்று ஒருவருக்கு, நாளை வேறொருவருக்கு. பெயரை வைத்துச் சேமித்தால் இரண்டு பேரின் கணக்கு ஒரே கோட்டில் கலந்துவிடும். விஎம்மின் மாறாத அடையாள எண்ணான யுயுஐடியை வைத்துச் சேமியுங்கள். இதை மட்டும் முதல் நாளே சரியாகச் செய்தால் மற்றதைப் பிறகு திருத்திக்கொள்ளலாம்.

எஸ்ஆர்-ஐஓவி மூலம் நெட்வொர்க் கார்டை நேரடியாக விஎம்முக்குக் கொடுத்திருந்தால் டேப்பே இருக்காது. கார்டின் டிரைவர் ஒவ்வொரு விஎஃப்புக்கும் (விஎம்முக்குக் கொடுத்த கார்டின் பங்குக்கும்) எண் கொடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். கர்னலைத் தாண்டிப் பாக்கெட்டைக் கையாளும் டிபிடிகேயில் ஓடும் ஓபன் விசுவிட்சாக (ஒரு மென்பொருள் சுவிட்ச்) இருந்தால் கர்னலுக்கு எதுவும் தெரியாது. சுவிட்சையே கேட்க வேண்டும்.

கருவிகளின் கவுன்டர்களை நெட்வொர்க் வழியாகப் படிக்கும் நெறிமுறையான எஸ்என்எம்பியைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. உள்ளே வந்த பைட்டை எண்ணும் பழைய ஐஎஃப்இன்ஆக்டெட்ஸ் கவுன்டர் 32 பிட்தான். 1 ஜிபிபிஎஸ் முழு வேகத்தில் 34 விநாடியில் நிரம்பி மறுபடி பூஜ்யத்துக்குச் சுற்றி வந்துவிடும், 10 ஜிபிபிஎஸ்ஸில் 3.4 விநாடி போதும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை படிப்பவருக்கு அந்த எண்ணில் எந்தப் பொருளும் இல்லை. 64 பிட் கவுன்டரைப் படியுங்கள்.

அப்புறம் தெரு: யாரிடமிருந்து யாருக்கு என்ற கேள்வி. கவுன்டர் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் இதற்குப் பதில் தராது. இங்கே எஸ்ஃப்ளோ, நெட்ஃப்ளோ, ஐபிஃபிக்ஸ் மூன்றும் போட்டி. ஓபன் விசுவிட்ச் மூன்றையும் அனுப்பும். நெட்ஃப்ளோவும் அதன் வழியில் வந்து 2013இல் ஆர்எஃப்சி 7011 என்ற இணையத் தர ஆவணமாக நிலைபெற்ற ஐபிஃபிக்ஸும் ஒவ்வொரு உரையாடலையும் நினைவில் வைத்து, முடிந்ததும் ஒரு பதிவாக அனுப்புபவை. 2001இல் ஆர்எஃப்சி 3176 ஆக வெளிவந்த எஸ்ஃப்ளோ அப்படி எதையும் நினைவில் வைப்பதில்லை. இத்தனை பாக்கெட்டுக்கு ஒன்று என்று எடுத்து, அதன் தலைப்பகுதியை உடனே அனுப்பிவிடும். நிறைய விஎம் இருக்கும் ஹோஸ்டில் நான் எஸ்ஃப்ளோவையே தேர்ந்தெடுப்பேன். சின்னச் சின்ன இணைப்புகள் வெள்ளமாக வரும் தாக்குதல் நேரத்தில் உரையாடல்களை வைத்திருக்கும் ஃப்ளோ அட்டவணை நிரம்பித் திணறும். சாம்பிள் எடுப்பது திணறாது.

அதன் பிழை எவ்வளவு என்பதற்கு எளிய கணக்கு இருக்கிறது: 196ஐ, கிடைத்த சாம்பிள் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் அதிகபட்சப் பிழை சதவீதம், 95 சதவீத நம்பிக்கையில். 10,000 சாம்பிள் கிடைத்தால் பிழை 2 சதவீதத்துக்குள். 100தான் கிடைத்தது என்றால் கிட்டத்தட்ட 20 சதவீதம். பெரிய ஆளைக் கண்டுபிடிக்க இது தாராளம். சின்ன ஆளிடம் இதை வைத்துப் பணம் கேட்பது நியாயம் ஆகாது.

எஸ்ஃப்ளோவை ஹோஸ்டின் வெளியே இருக்கும் சுவிட்சில் மட்டும் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். ஒரே ஹோஸ்டில் இருக்கும் இரண்டு விஎம் தங்களுக்குள் பேசினால், ஹோஸ்டுக்குள் விஎம்களை இணைக்கும் பாலத்தோடே (பிரிட்ஜ்) முடிந்துவிடும் அந்தப் பேச்சு வெளிச் சுவிட்சின் காதுக்குப் போகாது.

தயாராகக் கிடைக்கும் பேனல்களில் நான் முதலில் பார்ப்பது எத்தனை விநாடிக்கு ஒரு புள்ளி என்பதை. விஎம்வேரின் விஸ்பியரில் நிகழ்நேரப் புள்ளி 20 விநாடிக்கு ஒன்று, பிறகு அது ஐந்து நிமிடச் சராசரியாகிறது. ப்ராக்ஸ்மாக்ஸ் ஆர்ஆர்டியில் (அளவு கூடாத சுழல் கோப்பில்) வைப்பதால் பழைய நாட்கள் மேலும் மேலும் சராசரியாக மழுங்கும். 10 விநாடி முழு 1 ஜிபிபிஎஸ் வேகத்தில் பாய்ந்துவிட்டு அடங்கிய விஎம், ஐந்து நிமிடச் சராசரியில் வெறும் 33 எம்பிபிஎஸ் ஆகத் தெரியும். பயனர் தடங்கல் என்று புகார் செய்தது அந்த 10 விநாடியைப் பற்றித்தான்.

வாடகைக் கிளவுடில் என் வாதம் தலைகீழாகும். அங்கே ஹோஸ்ட் உங்களுடையது இல்லை, டேப்பைத் தொட முடியாது. அமேசானில் கிளவுட்வாட்ச் என்ற கண்காணிப்புச் சேவை இயல்பாக ஐந்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி தரும், கூடுதலாகக் கேட்டால் ஒரு நிமிடத்துக்கு. ஆனால் அலைவரிசை வரம்பைத் தாண்டி எத்தனை பாக்கெட் தடுக்கப்பட்டது என்பதை அமேசானின் நெட்வொர்க் கார்டான ஈஎன்ஏவின் டிரைவர் கவுன்டர்கள் விஎம்முக்குள்ளேயே சொல்கின்றன. ஈத்டூல் கட்டளையில் பார்க்கலாம். அங்கே உள்ளே ஏஜென்ட் போடாமல் இருப்பதுதான் தவறு.

சொந்த ஹோஸ்ட்களில் இப்போது நான் வைத்திருப்பது: 15 விநாடிக்கு ஒருமுறை டேப் கவுன்டர்கள், யுயுஐடியோடு, டிராப் எண்களும் சேர்த்து, ப்ரொமிதியஸ் என்ற கண்காணிப்புத் தரவுத்தளத்தில். ஓபன் விசுவிட்சிலிருந்து எஸ்ஃப்ளோ. விஎம்முக்குள் தேவைப்படும்போது மட்டும் நெட்ஹாக்ஸ். புது ஹோஸ்ட் சேரும் நாளில், ஒரு சோதனை விஎம்மிலிருந்து அந்த 1 கிபிபைட் கோப்பை வெளியே அனுப்பி, எந்தக் கோடு ஏறுகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு, கிராஃபின் தலைப்பில் "விஎம்மின் பார்வையில்" என்று எழுதுகிறேன். அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்கு அந்தத் திரையைத் திறந்துவிடுவேன்.